கிராமப் பள்ளிகளில் எய்ட்ஸ் பாடம்: முந்திய அச்சமும் பிந்திய அறிவும்

டிசம்பர் முதல் நாள் உலக எய்ட்ஸ் தினம். 1988-ஆம் ஆண்டு தொடங்கி அனுசரிக்கப்பட்டு வரும் இந்நாளில், தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்து மாணவர் ஊர்வலம் புறப்படுவது நெடுநாளாகப் பழகிப்போன காட்சி. சீருடை அணிந்த பிள்ளைகள் இரண்டு வரிசையாக நடப்பார்கள். கையில் அட்டை இருக்கும்; சட்டையில் சிவப்பு நாடா இருக்கும். முன்னால் போகும் ஆசிரியர் ஒரு முழக்கத்தைச் சொல்ல, பின்னால் வரும் பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். டீக்கடை வாசலில் நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஊர்வலம் பள்ளிக்குத் திரும்பியதும் மணி அடிக்கும். அடுத்த பாடம் தொடங்கிவிடும்.

அந்த முழக்கத்தின் பொருளை அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது விளக்கிச் சொன்னார்களா? எச்ஐவி என்பது கிருமியின் பெயர், எய்ட்ஸ் என்பது அக்கிருமி உடலின் எதிர்ப்பாற்றலைக் கரைத்த பிறகு வரும் நிலை என்ற வேறுபாடு அவர்களுக்குத் தெரியுமா? இக்கேள்விகள் சிறியவை போலத் தோன்றலாம். ஆனால், கடந்த நாற்பது ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், இவற்றுக்குப் பதில் கிடைக்காத இடங்களில்தான் குழந்தைகள் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது விளங்கும். நோயின் பெயர் ஊருக்குள் முதலில் நுழைந்தது. அதன் பின்னாலேயே அச்சம் நுழைந்தது. அறிவு வெகுநேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

சென்னையில் தொடங்கிய கதை

1981-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் இளைஞர்கள் ஐவருக்கு ஏற்பட்ட அரிய வகை நுரையீரல் நோய் பற்றிய குறிப்பு வெளியானது. அடுத்த ஆண்டு அந்நோய்க்கு எய்ட்ஸ் என்று பெயரிட்டார்கள். 1983-இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தில் அதற்குக் காரணமான கிருமி கண்டறியப்பட்டது. 1985-இல் இரத்தப் பரிசோதனை முறையும் வந்துவிட்டது.

அக்காலத்தில் இந்தியாவில் பலரும், இது மேலை நாட்டு நோய், குடும்பக் கட்டுப்பாடும் ஒழுக்கமும் உள்ள இந்த மண்ணுக்கு வராது என்றே நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் சென்னையைச் சேர்ந்த இரண்டு பெண்கள். ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன். மற்றவர், அவரிடம் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா.

ஆய்வுக்காக இரத்த மாதிரிகளைத் திரட்டும் பொறுப்பு நிர்மலாவுடையது. காவலில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்கள் தங்கியிருந்த இல்லத்துக்கு அவரை அழைத்துச் சென்றது அவருடைய கணவரின் ஸ்கூட்டர். கையுறை போன்ற வசதிகள் எளிதில் கிடைக்காத காலம் அது. எடுத்த மாதிரிகளைப் பாதுகாத்து வைக்க வேறு இடமில்லாமல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். சென்னையில் பரிசோதனைக்கு வழியில்லாததால் அவற்றை வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். டாக்டர் ஜேக்கப் ஜான் அங்கே பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவிலும் கிருமி இருக்கிறது என்பது அன்று உறுதியானது.

1986-ஆம் ஆண்டு மே மாதம், அப்போதைய சுகாதார அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டே தமிழகச் சட்டமன்றத்தில் இச்செய்தியை அறிவித்தார். மறுநாள் முதல் எய்ட்ஸ் என்ற சொல் தமிழ் நாளேடுகளில் இடம்பிடித்தது. ஆனால் அது எந்த உருவில் ஊருக்குள் வந்தது என்பதுதான் முக்கியம்.

'உயிர்க்கொல்லி' என்ற அடைமொழி

தமிழ் நாளேடுகள் இந்நோய்க்குச் சூட்டிய அடைமொழிகள் 'உயிர்க்கொல்லி', 'ஆட்கொல்லி' என்பவை. மருந்தில்லாத அந்த நாட்களில் அவை பொய்யும் அல்ல. ஆனால் அவற்றோடு சேர்ந்து மற்றொரு செய்தியும் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. முதலில் கிருமி கண்டறியப்பட்டவர்கள் பாலியல் தொழிலாளிகள்; அடுத்துப் பேசப்பட்டவர்கள் நெடுந்தூரம் போகும் லாரி ஓட்டுநர்கள். ஆகவே இது தவறு செய்தவர்களுக்கு வரும் தண்டனை என்ற எண்ணம் வேரூன்றியது. மண்டை ஓடு வரைந்த சுவரொட்டிகள் அந்த எண்ணத்துக்கு மேலும் உரமிட்டன.

இதற்கிடையே அரசு முயற்சிகளும் தொடங்கின. 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு உருவானது. 1993-இல் சுனிதி சாலமன் தம் தந்தையார் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற சிகிச்சை, ஆலோசனை மையத்தைத் தொடங்கினார். 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் மிகுந்த ஊர்களில் ஆணுறை பற்றியும் பால்வினை நோய்ச் சிகிச்சை பற்றியும் வெளிப்படையாகப் பேசத் தொடங்கின. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் 'புள்ளிராஜா' என்ற கற்பனைப் பாத்திரத்தை வைத்து நடந்த விளம்பரம், பேருந்து முதல் சுவர் வரை எங்கும் ஒரே கேள்வியை எழுப்பிப் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. பிள்ளைகள்கூட அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

இம்முயற்சிகள் வீண்போகவில்லை. 2006-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, தென்மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக்குட்பட்ட கர்ப்பிணிகளிடையே எச்ஐவி தொற்று 2000-க்கும் 2004-க்கும் இடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருப்பதைக் காட்டியது. பெரியவர்களின் நடத்தை மாறியதன் விளைவு இது. ஆனால் பெரியவர்களிடம் பேசிய அளவுக்கு அந்த நாட்களில் பள்ளிப் பிள்ளைகளிடம் யாரும் பேசவில்லை.

சாத்தப்பட்ட பள்ளிக் கதவுகள்

பேசாமல் விட்டதன் விலையைக் கட்டியவர்கள் குழந்தைகள். இது இந்தியாவில் மட்டும் நடந்ததல்ல. 1985-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரையன் வைட் என்ற பதின்மூன்று வயதுச் சிறுவனைப் பள்ளிக்குள் விட மறுத்தார்கள். இரத்தம் உறையாத நோய்க்காகக் கொடுக்கப்பட்ட மருந்தின் வழியாக அவனுக்குக் கிருமி வந்திருந்தது. 1997-இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் நிகோசி ஜான்சன் என்ற சிறுவனுக்குப் பள்ளியில் இடம் கொடுப்பதா வேண்டாமா என்று பெற்றோர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். அவன் பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றைப் பெற்றவன்.

2003-இல் கேரளாவிலும் இதே கதை. பெற்றோர் இருவரையும் எய்ட்ஸ் நோய்க்குப் பறிகொடுத்த இரண்டு சிறு பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை என்றார்கள். அவர்களைச் சேர்த்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று மற்றப் பெற்றோர்கள் போராடினார்கள். அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அப்பிள்ளைகளை நேரில் சந்தித்து, எல்லாரும் பார்க்க வாரி அணைத்தார். தொடுவதால் பரவாது என்ற உண்மையை நாட்டுக்குச் சொல்ல ஓர் அமைச்சர் தம் கைகளையே சான்றாகக் காட்ட வேண்டியிருந்தது.

கேரளா எழுத்தறிவில் இந்தியாவின் முதன்மை மாநிலம் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. கதவைச் சாத்தியவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். எய்ட்ஸ் என்ற பெயரை அவர்கள் நன்றாகவே கேட்டிருந்தார்கள். அது எப்படிப் பரவும் என்பதும் ஓரளவு தெரிந்திருக்கும். எப்படிப் பரவாது என்பதுதான் யாரும் அவர்களுக்கு உறுதியாகச் சொல்லித் தராத பாடம்.

வகுப்பறையில் நிலவிய மௌனம்

கிராமப்புறப் பள்ளிகளில் இப்பாடத்தைக் கொண்டு செல்வது எளிதாக இருக்கவில்லை. அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்க மண்டலம் என்ற பாடம் வந்ததும், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடும் ஆசிரியர்கள் பலர். ஆண் ஆசிரியர் பெண் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவார்? ஆசிரியை பையன்கள் முன்னால் எப்படிப் பேசுவார்? பேசினால் மறுநாள் பெற்றோர் வந்து சண்டை போட மாட்டார்களா? ஊர் முழுக்க ஒருவரையொருவர் தெரிந்திருக்கும் கிராமத்தில் இந்தத் தயக்கத்துக்குப் பொருள் உண்டு. நகரத்து ஆசிரியர் மாலையில் பேருந்து ஏறிப் போய்விடுவார்; உள்ளூர் ஆசிரியரோ அதே தெருவில் நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

2005-இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் மாணவர்களுக்கு உடல் வளர்ச்சி, எச்ஐவி, போதைப்பொருள், வாழ்க்கைத் திறன் ஆகியவற்றைக் கற்பிப்பது அதன் நோக்கம். ஈராண்டுகளில் எதிர்ப்பு கிளம்பியது. பாட நூலில் இருந்த படங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்ற கூக்குரல் எழுந்தது. 2007-இல் மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட பல மாநிலங்கள் திட்டத்தை நிறுத்தி வைத்தன. 2009-இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாம் என்ற கருத்தையே முன்வைத்தது.

எதிர்த்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளின் பகைவர்கள் அல்லர். சொல்லிக் கொடுத்தால் கெட்டுப்போவார்களோ என்ற பெற்றோரின் கவலை இயல்பானதே. ஆனால் சொல்லிக் கொடுக்காவிட்டால் பிள்ளைகள் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிடுவார்கள் என்பது உண்மையல்ல. ஆசிரியர் மௌனமாக இருக்கும் இடத்தில் திரைப்படமும் தெருமுனை நண்பனும் பாடம் நடத்துவார்கள். பின்னாளில் அவர்களோடு கைப்பேசியும் சேர்ந்துகொண்டது.

கேள்விப்பெட்டி காட்டிய வழி

இந்த மௌனத்தைக் கலைக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கையாண்ட எளிய வழி ஒன்று உண்டு. வகுப்பின் மூலையில் ஒரு பெட்டியை வைத்தார்கள். மனத்தில் இருக்கும் சந்தேகத்தைப் பெயர் எழுதாமல் தாளில் எழுதிப் போடலாம். வாரம் ஒரு முறை பெட்டியைத் திறந்து ஆசிரியர் பதில் சொல்வார். கேட்டது யார் என்று தெரியாததால் கேட்பவருக்குக் கூச்சமில்லை. எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வதால் பதில் சொல்பவருக்கும் சங்கடமில்லை.

இப்படிப்பட்ட வகுப்புகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் பெரும்பாலும் பாலுறவைப் பற்றியவையாக இருப்பதில்லை. கொசு கடித்தால் வருமா? ஒரே தட்டில் சாப்பிட்டால் வருமா? ஒரே கிணற்றில் குளித்தால் வருமா? முடிதிருத்தும் கடைக் கத்தியால் வருமா? ஒழுக்கம் கெடுமோ என்று பெரியவர்கள் அஞ்சிக்கொண்டிருக்க, பிள்ளைகள் கேட்டதோ அன்றாட வாழ்க்கையைப் பற்றி.

இக்கேள்விகளுக்கு வெறுமனே 'வராது' என்று சொன்னால் போதாது; ஏன் வராது என்று விளக்க வேண்டும். கொசு கடிக்கும்போது நம் உடலில் செலுத்துவது தன் உமிழ்நீரை. முன்பு கடித்தவரின் இரத்தத்தை அல்ல. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளரும். எச்ஐவி வளராது, கொசுவின் வயிற்றிலேயே செரித்து அழிந்துவிடும். தட்டு, தண்ணீர், காற்று, தொடுகை ஆகியவற்றின் வழி இக்கிருமி பரவாது. உடலுக்கு வெளியே அது நெடுநேரம் பிழைத்திருக்கக்கூடியதல்ல. முடிதிருத்தும் கடையில் ஆளுக்கொரு புதிய பிளேடு கேட்பது நல்ல பழக்கம். அதற்காக அக்கடைக்குப் போகவே அஞ்ச வேண்டியதில்லை.

பரவும் வழிகள் நான்கே. தொற்றுள்ளவருடன் பாதுகாப்பில்லாத உடலுறவு, பரிசோதிக்கப்படாத இரத்தம், ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றவர் பயன்படுத்துதல், தாயிடமிருந்து பிள்ளைக்கு. இந்த நான்கையும் தடுக்க முடியும். சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை. கர்ப்ப காலத்திலேயே கண்டறிந்து மருந்து கொடுத்தால் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

மருந்து வந்த பின்னும் மாறாத பேச்சு

நோயின் தன்மையை மாற்றியது 1996-இல் நடைமுறைக்கு வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை. தொடக்கத்தில் அது செல்வந்தர்களுக்கே எட்டும் விலையில் இருந்தது. 2001-இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் அம்மருந்தைத் தர முன்வந்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் திறக்கப்பட்ட எட்டு மையங்களுள் சென்னையை அடுத்த தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. இன்று நாள்தோறும் மருந்து உட்கொள்ளும் ஒருவர் மற்றவர்களைப் போலவே படிக்கலாம், உழைக்கலாம், குடும்பம் நடத்தலாம். இரத்தத்தில் கிருமியைக் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைத்துவிட்டவரிடமிருந்து உடலுறவின் வழியே அது பிறருக்குப் பரவுவதில்லை என்பதும் ஆய்வுகளில் உறுதியாகிவிட்டது.

ஆனால் கிராமத்துப் பேச்சில் உயிர்க்கொல்லி இன்னும் உயிர்க்கொல்லிதான். 2018-ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில் நடந்த துயரம் இதற்குச் சாட்சி. இரத்த தானம் செய்திருந்த ஓர் இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தமக்கு எச்ஐவி இருப்பதை அறிந்தார். மறைக்கவில்லை. தம் இரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம் என்று தாமே முன்வந்து தெரிவித்தார். அதற்குள் அது ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டுவிட்டது. அந்த இளைஞர் குற்ற உணர்வும் அவமானமும் தாங்காமல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்பெண்ணுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது; பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை.

மருந்து அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது. அந்த இளைஞருக்கும் அதே மருந்து இருந்தது. அதை உட்கொண்டு நெடுங்காலம் வாழ்ந்திருக்கலாம் என்ற நம்பிக்கையை அவருக்கு யாரும் முன்கூட்டியே ஊட்டியிருக்கவில்லை. பள்ளியில் கற்க வேண்டிய பாடம் இது. பத்தொன்பது, இருபது வயதில், பரிசோதனைச் சீட்டு கையில் இருக்கும்போது கற்க நேரமிருப்பதில்லை.

கேட்டவர் பலர், தெரிந்தவர் சிலர்

விழிப்புணர்வு என்பதை எப்படி அளப்பது? இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வு இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. ஆணுறையும், ஒரே இணையோடு வாழ்வதும் பாதுகாப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். பார்ப்பதற்கு நலமாக இருப்பவருக்கும் தொற்று இருக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். பரவலாக உள்ள இரண்டு தவறான நம்பிக்கைகளை மறுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இவை அனைத்தும் இருந்தால்தான் முழுமையான அறிவு.

1998-99 ஆய்வில் இந்திய மணமான பெண்களில் 40 விழுக்காட்டினரே எய்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டிருந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் கேட்டவர்களின் எண்ணிக்கை பெருகியது. ஆனால் முழுமையான அறிவு? 2005-06 ஆய்வில் பெண்களில் 17 விழுக்காடு, ஆண்களில் 33 விழுக்காடு. 2019-21 ஆய்வில் பெண்களில் ஏறத்தாழ 22 விழுக்காடு, ஆண்களில் 31 விழுக்காடு. பதினைந்து ஆண்டுகளில் பெண்கள் ஐந்து படி ஏறினார்கள். ஆண்கள் இரண்டு படி இறங்கினார்கள். 2007 டிசம்பரில் புறப்பட்டு ஓராண்டில் ஏறத்தாழ 180 நிலையங்களைத் தொட்ட 'ரெட் ரிப்பன் எக்ஸ்பிரஸ்' கண்காட்சி ரயில், ஊர்வலங்கள், சுவரொட்டிகள் எல்லாவற்றுக்கும் பிறகு கிடைத்த கணக்கு இது. பெயர் காதில் விழுந்தது. பொருள் மனத்தில் பதியவில்லை.

மலேசிய அனுபவம்

மலேசியாவிலும் முதல் தொற்று கண்டறியப்பட்டது அதே 1986-ஆம் ஆண்டில்தான். இங்கே தொடக்க காலத்தில் போதை ஊசியே முக்கிய வழியாக இருந்தது. 1996-இல் சுகாதார அமைச்சு தொடங்கிய புரோஸ்டார் திட்டம் 13 முதல் 25 வயது வரையிலான இளையோரையே ஒருவருக்கொருவர் ஆசிரியர்களாக்கியது. பெரியவர் சொன்னால் அறிவுரையாகப்படுவது, சக மாணவன் சொன்னால் செய்தியாகக் காதில் விழும் என்பது அதன் அடிப்படை. 2006-இல் ஊசி மாற்றுத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது எதிர்ப்பு இருந்தது. ஆயினும் ஊசிவழித் தொற்று படிப்படியாகக் குறைந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவி பரவுவதை ஒழித்த நாடாக 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. ஆனால் 2010-க்குப் பிறகு புதிய தொற்றுகளில் பெரும்பகுதி உடலுறவின் வழியே வருகிறது. ஊசியைப் பற்றிப் பேசிய வாய்கள் இதைப் பற்றிப் பேசத் தயங்கினால், தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக்கு வேலை தேடிப் போகும் இளைஞனுக்கு யார் எடுத்துச் சொல்வது?

சட்டம் திறந்த கதவு

2017-இல் இந்திய நாடாளுமன்றம் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 செப்டம்பர் 10-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியில் இடம் மறுப்பதற்கு இப்போது சட்டப்படி தடை உள்ளது. அச்சட்டத்தில் மனத்தைத் தொடும் பிரிவு ஒன்று உண்டு. எச்ஐவியால் பாதிக்கப்பட்ட குடும்பத்தில், 12 வயது நிறைந்து 18 வயது நிறையாத, பொறுப்பறிந்த அக்காளோ அண்ணனோ தம்பி தங்கையரின் பாதுகாவலராக இருந்து அவர்களைப் பள்ளியில் சேர்க்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மற்றொரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் நிற்கும் நிலை எத்தனை வீடுகளில் வந்திருந்தால் இப்படியொரு பிரிவு எழுதப்பட்டிருக்கும்!

சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே வந்த பிள்ளைக்கு அருகில் பெஞ்சில் இடம் கொடுக்க வேண்டியது சக மாணவன். அவன் இடம் கொடுப்பதும் எழுந்து தள்ளிப் போவதும் அவனுக்கு என்ன சொல்லித் தரப்பட்டது என்பதைப் பொறுத்தது. 2023 மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்ஐவியுடன் வாழ்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் உண்டு. அப்பிள்ளைகள் படிக்கும் வகுப்பறைகள் உண்டு.

ஆகவே, டிசம்பர் முதல் நாள் ஊர்வலம் நடக்கட்டும். அதற்கு முதல் நாள் ஒரு மணி நேரம் வகுப்பறையில் கேள்விப்பெட்டி திறக்கட்டும். எப்படிப் பரவும் என்பதோடு எப்படிப் பரவாது என்பதையும், வந்தால் என்ன செய்யலாம் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். பொருள் தெரிந்து எழுப்பும் முழக்கம் டீக்கடை வாசலில் நிற்பவர்களையும் திரும்பிப் பார்க்க வைக்கும்.